முப்பத்தொன்றாம் நாள் மேல்முறையீடு

"விண்ணப்பம் கிடைக்கப்பெற்ற நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் சான்று வழங்கப்பட வேண்டும். வழங்க இயலாவிடில், அதற்கான காரணம் விண்ணப்பதாரருக்கு எழுத்துமூலம் தெரிவிக்கப்பட வேண்டும்."

காவல் பதிவேடுகள் விதிகள். விதி 14, உட்பிரிவு 2.

நம் ஊர் விதி என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர் விதிகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் வாராவாரம் புலம்பி உங்களுக்கும் அலுத்திருக்கும், எனக்கும் அலுத்துவிட்டது. இது கடலுக்கு நடுவே இருக்கும் ஒரு குட்டித் தீவு நாட்டின் விதி. நாட்டின் பெயரை எழுதப்போவதில்லை. காரணம் இருக்கிறது. அங்கே ஒரு துறைக்கு ஒரு அதிகாரிதான். நாட்டின் பெயரைப் போட்டால் அந்த அதிகாரியின் பெயரைப் போட்ட மாதிரி.

பெரம்பலூரில் உட்கார்ந்துகொண்டு எனக்கு எதற்குத் தீவு நாட்டுச் சட்டம்?

ஏப்ரல் மாதம், அரியலூரிலிருந்து கலைவாணி வந்தாள். நான் தாலுகா ஆபீஸில் இருந்த காலத்தில் டைப்பிஸ்டாக இருந்த சுந்தரியின் மகள். கையில் பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே காகிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கியிருந்தாள். அம்மாவின் பயிற்சி. எனக்கு அப்போதே மனம் குளிர்ந்துவிட்டது.

விஷயம் இதுதான். கலைவாணி கணக்கு டீச்சர். கல்யாணத்துக்கு முன்னால் அந்தத் தீவில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். கணவர் முத்துக்குமரன் அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையில் ஃபிட்டராக இருந்து, இப்போது ஆஸ்திரேலியாவில் ஒரு சிமென்ட் ஆலையில் இருக்கிறார். இவளும் அங்கே போக விசா கேட்டாயிற்று. விசா ஆபீஸில் ஒரு காகிதம் கேட்கிறார்கள். இதற்கு முன் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டின் போலீஸும் 'இவர்மீது எங்களிடம் வழக்கு எதுவும் இல்லை' என்று எழுதித் தர வேண்டும்.

"இந்தியா போலீஸ் குடுத்துட்டாங்க சார். அந்தத் தீவு போலீஸ் பாக்கி. அம்மா உங்களைப் போய்ப் பாக்கச் சொன்னாங்க."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"சார்கிட்ட குடுத்தா ஃபைல் தப்பாப் போகாதுன்னாங்க."

ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த வாக்கியத்துக்கு இரண்டாவது பாதி ஒன்று இருந்தது. அதை ஆகஸ்ட் மாதத்தில்தான் கேட்டேன்.

"எப்ப வேணும்?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். என் மனைவி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "எத்தனாவது மாசம்டி?" என்றாள். எனக்குத் தெரியாத நடைமுறைகளும் உலகத்தில் இருக்கின்றன.

"மூணு முடிஞ்சிருச்சு ஆன்ட்டி. பொங்கலுக்கு அவர் லீவுல வந்தாரு." பிறகு என்னைப் பார்த்து, "ஏழு மாசம் முடியறதுக்குள்ள போயிடணும் சார். அதுக்கு மேல பிளேன்ல அனுப்ப மாட்டேன்னு டாக்டரம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. அவருக்கும் இனிமே இந்த வருஷம் லீவு கிடையாது. பொறக்கறப்ப அவர் பக்கத்துல இருக்கணும்னா நான்தான் போகணும்."

அதாவது ஆடி முடிவதற்குள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். விதி 14(2) முப்பது நாள் என்கிறது. நாலு மாதம் கையில் இருக்கிறது. தாராளம்.

"கவலைப்படாம போம்மா" என்றேன்.

அன்றைக்கே ஆராய்ச்சியில் இறங்கிவிட்டேன்.

எந்த ஆபீஸுக்கு மனுப் போடுவதாக இருந்தாலும் அந்த ஆபீஸை முதலில் படிக்க வேண்டும் என்பது என் கொள்கை. யாருக்கு யார் மேலதிகாரி, எந்தச் சட்டத்தில் அதிகாரம் வருகிறது, காலக்கெடு என்ன, கெடு தாண்டினால் யாரிடம் போவது... இது தெரியாமல் மனுப் போடுகிறவன், முகவரி எழுதாத கவரைத் தபால் பெட்டியில் போடுகிறவன்.

தீவு நாடுகளில் ஒரு வசதி. மொத்தச் சட்டமும் இணையத்தில் கிடக்கிறது. நம் ஊரில் ஒரு அரசாணையைத் தேடி எடுப்பதற்குள் அந்த அரசே மாறிவிடும். அங்கே அரசியல் சட்டம், சட்டங்கள், விதிகள், கெஜட் எல்லாம் ஒரே பக்கத்தில். எல்லாவற்றையும் இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டால் பென் டிரைவில் பாதி காலி.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் காதர் பாயின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். லெப்பைக்குடிகாட்டுக்காரர். அவர் குடும்பத்தில் பாதிப் பேர் கடலுக்கு அந்தப் பக்கம்தான்.

"என்ன சார், யாருக்கு மூல பத்திரம்?"

"பத்திரம் இல்ல பாய். ஒரு நாட்டோட அரசியல் சட்டம். ரெண்டு பக்கமும் போட்டு ஸ்பைரல் பண்ணிக் குடுங்க."

காதர் பாய் பிரிண்ட் எடுத்தார். அடுக்கைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவுதானா சார் ஒரு நாடு? எங்க ஜமாஅத் பைலாவே இதைவிட தடிமனா இருக்கும்." பிறகு முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இந்த ஊரா? என் மச்சான் அங்கதான் சார் மளிகைக் கடை வச்சிருக்கான். போலீஸ் ஆபீஸுக்கு நேர் எதிர்ல. ஒரு போன் போடவா?"

"வேண்டாம் பாய். முறைப்படி போவோம்."

"போன் போட்டா முறை கெட்டுப் போயிருமா சார்?"

அரசு ஊழியர் நடத்தை விதிகளில், தன் காரியத்துக்காக வெளியாட்களைக் கொண்டு மேலதிகாரிக்குச் செல்வாக்குக் காட்டுவது தவறு என்று இருக்கிறது. நான் இப்போது அரசு ஊழியன் இல்லை. கலைவாணியும் இல்லை. ஆனால் முப்பத்தைந்து வருடம் மற்றவர்களுக்குச் சொன்னதை ஓய்வு பெற்ற பிறகு எப்படி விடுவது? பாயிடம் இதையெல்லாம் விளக்கினேன். அவர் ஸ்டேப்ளர் பின்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

பத்து நாள் படித்தேன். பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். சுவாரசியமான நாடு. நம் வேப்பந்தட்டை தாலுகாவில் உள்ள ஜனம்கூட அங்கே இராது. ஆனால் பிரதமர் உண்டு, எதிர்க்கட்சித் தலைவர் உண்டு, சபாநாயகர் உண்டு. மந்திரிகள் போக, ஆளும் கட்சியில் பின்வரிசை என்று உட்கார மிச்சம் ஆளே இல்லை. உள்துறை மந்திரியே மீன்வளத்துக்கும் மந்திரி. பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்களாம். இது அரசியல் சட்டத்தில் இல்லை. கலைவாணி சொன்னது.

"மீன் மந்திரி பொண்ணு என் கிளாஸ்தான் சார். பின்னம் மட்டும் வராது அதுக்கு. பேரன்ட்ஸ் மீட்டிங்னா பாதி கேபினெட் வந்து பெஞ்சில உக்காந்திருக்கும். அந்தப் பொண்ணுக்கு ஒரு மெசேஜ் போடவா சார்?"

"போடாதே."

அவர்களுடைய பாராளுமன்றம் யூடியூபில் நேரலையாக வருகிறது. காலைக் காப்பியோடு பார்க்க ஆரம்பித்தேன். ஒருநாள் பார்வையாளர் எண்ணிக்கை பதினொன்று என்று காட்டியது. அதில் ஒருவன் பெரம்பலூர். படகுத்துறை விளக்கு எரியாதது பற்றி ஒன்றரை மணி நேரம் விவாதம். விளக்கு எரியவில்லை என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யார் ஆட்சியில் அணைந்தது என்பதில்தான் சண்டை. நம் ஊரை விட்டு வந்த மாதிரியே தெரியவில்லை.

என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க இவரு, கோட்டு போட்டுக்கிட்டு?"

"எதிர்க்கட்சிக் கொறடா."

"நம்ம வார்டு கவுன்சிலர் பேரு என்ன, சொல்லுங்க பாப்போம்."

நான் காப்பியைக் குடித்தேன்.

விண்ணப்பப் படிவம் ஒரு பக்கம்தான். என் முகப்புக் கடிதம் நாலு பக்கம் வந்தது. பொருள், பார்வை ஒன்று முதல் ஏழு வரை, இணைப்புப் பட்டியல், விதி 14(2)-க்குக் கனிவான நினைவூட்டல். ஏப்ரல் 18-ஆம் தேதி கலைவாணியின் மெயிலிலிருந்து அனுப்பினோம். தீவின் காவல் பதிவேட்டுப் பிரிவுக்கு.

அன்று மாலையே ஒப்புகை வந்துவிட்டது! மூன்றே வரி. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்:

"கிடைத்தது, நன்றி. இங்கே மழை. நீங்கள் படகுத்துறைப் பள்ளிக்கூடத்து கலை டீச்சர்தானே?"

கலைவாணி போனில் குதித்தாள். "இது ரெக்கார்ட்ஸ் மேடம் சார்! அங்க எல்லாருக்கும் நான் 'கலை'தான். அவங்க தம்பி பசங்க ரெண்டு பேருமே என்கிட்ட படிச்சவங்க. 'ஆமா மேடம், நான்தான்'னு ஒரு வரி போட்டுடவா?"

நான் யோசித்தேன். ஒரு அரசு அலுவலர், சான்று கோரும் விண்ணப்பத்துக்கு அனுப்பும் ஒப்புகையில், மழை பற்றி எதற்கு எழுதுகிறார்? படிவத்தில் கடைசியாக வேலை பார்த்த பள்ளிக்குத்தான் கட்டம் இருக்கிறது, அந்த வெளித்தீவுப் பள்ளியின் பெயரை நிரப்பியிருக்கிறோம். அதற்கு மேல் 'நீங்கள்தானே' என்றால்? வில்லங்கம் எங்கிருந்து வேண்டுமானாலும் வரும்.

"வேண்டாம்மா. படிவத்துல கேக்காத எதையும் எழுத்துல குடுக்கக் கூடாது. நாளைக்கு அதுவே முரண்பாடுன்னு நிக்கும்."

"மழை பத்தியாச்சும் ஏதாவது..."

"மழையும் வேண்டாம்."

பத்து நாள், பதினைந்து நாள், இருபது நாள். இதற்கிடையே அங்கே அரசு கவிழ்ந்தது. ஒரே ஒரு உறுப்பினர் எழுந்து எதிர்வரிசையில் போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான். மீன் மந்திரி எதிர்க்கட்சி ஆனார். கோட்டுப் போட்ட கொறடா உள்துறை மந்திரி ஆனார். எல்லாம் நேரலையில் பார்த்தேன். அரசு மாறினாலும் ரெக்கார்ட்ஸ் மேடம் மாறமாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆபீஸ் நடப்பது நம் மாதிரி ஆட்களால்தானே?

மே 18. முப்பதாவது நாள். பதில் இல்லை. காரணமும் இல்லை, எழுத்துமூலமாகவோ வேறு மூலமாகவோ.

நம் ஊரில் முப்பத்தொன்றாம் நாள் என்ன செய்வோம்? மேல்முறையீடு. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டவர்களுக்குத் தெரியும். முதல் மனு தூங்கும். மேல்முறையீடு போய் அதன் தோளைத் தட்டும். மேலதிகாரி குறிப்புக் கேட்பார். கேட்ட மறுநாளே பழைய மனுவுக்கு உயிர் வந்துவிடும். என் சர்வீஸில் எத்தனையோ முறை பார்த்தது. தட்டப்பட்ட தோள் பெரும்பாலும் என்னுடையது.

தீவின் விதி 18 மேல்முறையீட்டு உரிமையைத் தருகிறது. மே 19 காலை பத்து மணிக்குக் கலைவாணியின் மெயிலிலிருந்து, விதியில் கொடுத்திருந்த முகவரிக்கு மேல்முறையீடு போயிற்று. ஆறு பக்கம். அவ்வளவு சுத்தமான மேல்முறையீட்டை அந்த நாடு பார்த்திருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன்.

அப்புறம் ஒரே அமைதி.

ஜூன் போயிற்று. கலைவாணி பள்ளிக்கூட வேலையை ஏற்கெனவே விட்டிருந்தாள். ஸ்கூட்டியைக்கூட சித்தி மகளிடம் கொடுத்தாயிற்று. வாரத்துக்கு ஒரு முறை போன் செய்வாள். முதலில், "ஏதாச்சும் வந்துச்சா சார்?" பிறகு, "நீங்க மறக்கல இல்ல சார்?" பிறகு போன் குறைந்தது. விசா ஆபீஸில் கெடுவை ஒரு முறை நீட்டித்தார்கள். கேட்டால் இன்னொரு முறையும் நீட்டிப்பார்கள். நீட்டிக்க முடியாத கெடு ஒன்றுதான். அது அவள் வயிற்றில் இருந்தது.

ஜூலையில், நினைவூட்டு எண் 2-ஐப் பிரிண்ட் எடுக்கக் காதர் பாய் கடைக்குப் போனேன். பாய் என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"சார், உக்காருங்க. அரியலூர் டீச்சரம்மா முந்தாநாள் வந்துட்டுப் போச்சு."

"இங்கயா? எதுக்கு?"

"வயித்தைத் தூக்கிக்கிட்டு பஸ்ல வந்துச்சு சார். என் மச்சான் சங்கதி நீங்க சொன்னதுதானாம், ஒரு போன் போடச் சொல்லிச்சு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னுச்சு. நான் சொல்லாம எப்படி? மச்சானுக்குப் போன் போட்டுட்டேன். பதில் வந்திருக்கு, கேளுங்க."

செல்போனில் குரல் பதிவு. பின்னணியில் கடல் மாதிரி ஏதோ இரைச்சல், ஃப்ரிட்ஜாகவும் இருக்கலாம்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான். நம்ம கடையில தினம் சாயங்காலம் ரொட்டி வாங்குற அம்மாதான் அது. நேரா கேட்டுட்டேன். அதுக்கு ஏகப்பட்ட வருத்தம். மொத நாளே நம்ம டீச்சரான்னு கேட்டாங்களாம். இங்க அப்படித்தான் மச்சான், விசாரணைன்னா கேக்குறதுதான். ஆமான்னு ஒரு வார்த்த வந்திருந்தா அன்னிக்கே கையெழுத்துப் போட்டிருப்பாங்களாம். பதிலே இல்ல. சரி, வேற யாரோ போலன்னு, படிவத்துல இருந்த வெளித்தீவு ஸ்கூலுக்குப் படகுல ஆள் அனுப்பி விசாரிச்சிருக்காங்க. எல்லாம் ரெடி. இருபத்தொம்பதாவது நாள் பேப்பர் மேசையில. அன்னிக்குப் பாத்து அந்த அம்மாவோட அம்மா மவுத்து. அடக்கம் அது இதுன்னு மூணு நாள் லீவு. திரும்பி வந்து பேனாவ எடுக்குறாங்க, கம்ப்யூட்டர்ல யாரோ அப்பீல் போட்டிருக்காங்க. ஆறு பக்கம். அப்பீல் வந்துட்டா இங்க இவங்க தொடவே கூடாதாம். யாரு மச்சான் அந்த அப்பீல் போட்ட ஆளு? வக்கீலா?"

காதர் பாய் போனை நிறுத்தினார். எனக்கு ஒரு டீ சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஸ்பைரலைப் பிரித்தேன். விதி 18, மேல்முறையீட்டு உரிமை. பென்சில் கோடு போட்டிருந்தேன். அடுத்த பக்கத்தில் விதி 19. கோடு எதுவும் இல்லை. "மேல்முறையீடு தாக்கலான நேரம் முதல், அது தீர்க்கப்படும்வரை, அவ்விண்ணப்பத்தின் மீது பதிவேட்டு அலுவலர் நடவடிக்கை எதுவும் எடுக்கலாகாது."

ஏன் படிக்கவில்லை? பார்வைக் கோளாறு இல்லை. கண் ஆபரேஷன் போன வருடமே ஆயிற்று. 'மேல்முறையீடு' என்ற தலைப்பைப் பார்த்ததும் மிச்சத்தை நானே மனதுக்குள் எழுதிக்கொண்டுவிட்டேன். இதே தவறுக்காக எத்தனை கிளார்க்குகளுக்கு மெமோ கொடுத்திருக்கிறேன்!

அந்த விதியில் தப்பும் இல்லை. சின்ன ஊர். ரெக்கார்ட்ஸ் மேடம்மீது புகார் சொன்னவருடைய காகிதத்தை ரெக்கார்ட்ஸ் மேடமே வைத்துக்கொண்டிருந்தால் நாளைக்கு ஊரே பேசும். அதனால் கையை எடு என்கிறார்கள். நம் ஊரில் மேல்முறையீடு என்றால் கோப்பு விழித்துக்கொள்ளும். அங்கே அதைத் தொட்டிலில் போட்டுத் தூங்கவைத்துவிடுகிறார்கள்.

சரி, மேல்முறையீட்டை விசாரிப்பது யார்? அதையும் அப்போதுதான் முழுசாகப் படித்தேன். மாஜிஸ்திரேட். அவர் அந்த நாட்டுக்காரரே இல்லை. உள்ளூர் ஆள் என்றால் வாதியோ பிரதிவாதியோ எப்படியும் சொந்தமாக இருப்பார் என்று, பக்கத்து நாட்டிலிருந்து விமானத்தில் வருகிற நீதிபதி. வருடத்துக்கு இரண்டு அமர்வு. மார்ச், செப்டம்பர்.

உடனே வாபஸ் மனு எழுதினேன். என் வாழ்க்கையிலேயே சின்ன மனு. இரண்டு வரி. கலைவாணியிடம் விஷயத்தைச் சொல்லாமல், "இன்னொரு லெட்டர் அனுப்பணும்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பவைத்தேன். கோழைத்தனம்தான். அன்றைக்கே பதில் வந்தது. வாபஸையும் மாஜிஸ்திரேட்தான் அமர்வில் பதிவு செய்ய வேண்டுமாம். "மன்னிக்கவும். இங்கே வெயில்" என்று முடித்திருந்தார் மேடம்.

சுந்தரி சிறுவாச்சூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். அந்தக் கோயிலும் திங்கள், வெள்ளி மட்டும்தான் திறக்கும். அங்கே யாரும் மேல்முறையீடு செய்து நான் பார்த்ததில்லை.

ஆடி முடிந்தது.

அதற்கு மறுநாள் அரியலூர் போனேன். சில விஷயங்களைப் போனில் சொல்லக் கூடாது என்று எந்த விதியும் இல்லை, இருந்தும் போனேன். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள். பஸ் அவற்றின் பின்னாலேயே ஊர்ந்தது. எனக்கு அவசரம் இல்லை.

சுந்தரி வீட்டுக் கூடத்தில் இரண்டு சூட்கேஸ்கள் நின்றிருந்தன. பூட்டி, சிவப்பு ரிப்பன் கட்டி, முத்துக்குமரன் பெயரும் முகவரியும் ஒட்டி. ஒன்றின் மேல் துவைத்த துணி மடித்து வைத்திருந்தது. அதாவது அவை இப்போது மேசை.

கலைவாணி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். விதி 18, விதி 19, படகுத்துறைப் பள்ளிக்கூடம், மாஜிஸ்திரேட். காரணங்களை வரிசையாகச் சொன்னேன். தவறு என்னுடையது என்பதைக் கடைசியில் சொன்னேன். குறிப்பு எழுதும் பழக்கம்.

அவள் அழவில்லை. எல்லாம் காதர் பாய் மூலம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. நான் வந்து சொல்கிறேனா என்று காத்திருந்திருக்கிறாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கவா சார்? நீங்க வேலையில இருந்தப்பவும் இப்படித்தானா?"

நான் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து சுந்தரியின் குரல். "அதான் அன்னிக்கே சொன்னேனே, நீதான் பாதிய வுட்டுட்ட."

"என்ன பாதி?" என்றேன்.

சுந்தரி டம்ளரோடு வந்தாள். என்னிடம் பன்னிரண்டு வருடம் டைப் அடித்தவள். ஒரு முறைகூட எதிர்த்துப் பேசியதில்லை. "சார்கிட்ட குடுத்தா ஃபைல் தப்பாப் போகாது, லேட்டாத்தான் போகும்னேன் சார். காப்பி எடுத்துக்குங்க. சக்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன்."

காப்பி நன்றாக இருந்தது. குடித்தேன். வேறென்ன செய்ய?

அன்றைக்கு முத்துக்குமரனும் வீடியோவில் வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, ஷிப்ட் இடைவேளை. "பரவால்லைங்க சார், நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க" என்றார். திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். எழுந்து வரும்போது கலைவாணி, "சார், ரெக்கார்ட்ஸ் மேடத்துக்கு நானே ஒரு மெயில் போட்டுட்டேன். அவங்க அம்மா தவறினதுக்கு" என்றாள். படிவம் எதிலும் அதற்கு இடம் இல்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

அமர்வு செப்டம்பர் கடைசி வாரம். காதர் பாயின் மச்சான் கடையைச் சாத்திவிட்டுப் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நம் வழக்கு எடுத்த நேரம் இரண்டு நிமிடம். "சான்று தயாராக இருக்கிறதா?" "மே மாதத்திலிருந்து தயார், ஐயா." "பிறகு கொடுப்பதற்கு என்ன?" அவ்வளவுதான். என் ஆறு பக்கத்தை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். உத்தரவு டைப்பாகி, பக்கத்து நாட்டுக்குத் திரும்பிவிட்ட மாஜிஸ்திரேட்டின் கையெழுத்துக்காக விமானத்தில் போய், அடுத்த விமானத்தில் திரும்பி வர வேண்டும். வாரத்துக்கு ஒரு விமானம்.

அந்த விமானத்துக்கு முன்னால், செப்டம்பர் 28-ஆம் தேதி, அரியலூரில் கலைவாணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. முத்துக்குமரன் அதைப் பார்த்தது கைபேசியில். பிரசவ வார்டு வாசலில் சிக்னல் விட்டுவிட்டு வந்ததாம். குழந்தையின் முகம் நின்று நின்று தெரிந்ததாக என் மனைவி வந்து சொன்னாள். நான் போகவில்லை. கூப்பிட்டிருந்தார்கள்.

இப்போது குழந்தைக்குப் பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், விசா ஃபைலில் சேர்ப்பு எல்லாம் பாக்கி. சுந்தரி போன் செய்து விவரம் கேட்டாள். எல்லா விதிகளும் எனக்குத் தெரியும். "நேராப் போயிக் கேளும்மா" என்று மட்டும் சொன்னேன். "சார்தானே பேசறது?" என்றாள் சுந்தரி.

தீவிலிருந்து மெயில் வந்ததும் கலைவாணி அதை எனக்கு அனுப்பிவைத்தாள். சான்று ஒரு பக்கம். 'இவர்மீது எங்களிடம் வழக்கு எதுவும் இல்லை.' கீழே மேடம் மூன்று வரி எழுதியிருந்தார்: "தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே மழை. கடைக்காரர் சொன்னார், எங்கள் டீச்சருக்குக் குழந்தை பிறந்துவிட்டதா?"

படிவத்தில் இல்லாத கேள்வி. கலைவாணி என்னைக் கேட்காமலேயே பதில் எழுதியிருந்தாள். அதையும் கீழே பார்த்தேன். பெண் குழந்தை, இருவரும் நலம், இங்கேயும் மழை.

மேடத்தின் மெயில் வந்த தேதி அக்டோபர் 9. குழந்தை பிறந்து அன்றைக்குப் பதினோரு நாள்.